பாய்க்குப் போடாத உப்பு

அந்த அக்கா எந்தக் கோயிலுக்குப் போனாலும் கும்பிடாது. கேட்கும்.

செருப்பை வாசலில் விடும். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகும். உள்ளே இருப்பவர் குருக்களோ, அஜ்ரத்தோ, பாஸ்டரோ, அவருக்குக் கை ஓயும் வரை ஓரமாக நிற்கும். பிறகு கேட்கும். ஒரே கேள்விதான். இடத்துக்கு இடம் மாற்றிக் கேட்காது.

"எங்க பாய் செத்துட்டாரு. நான் செத்தா அவரு இருக்கற எடத்துக்குப் போவனா?"

நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் போவேன், திரும்புவேன். இந்தக் கேள்வியோடு அக்காவைப் பல இடத்துக்கு ஏற்றிப் போனது என் வண்டிதான். எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் என் வண்டியில் ஏறியது என்று நினைக்கிறேன். மற்ற டிரைவர்கள் பதில் சொல்லப் பார்ப்பார்கள்.

உப்பளத்தில் உப்பு வாரும் வேலை அதற்கு. கூடை தூக்கித் தூக்கி உச்சந்தலையில் முடி தேய்ந்திருக்கும். பாதம் வெடித்து, வெடிப்பு ஓரம் வெள்ளையாக இருக்கும். வண்டியில் கடைசி சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி உட்காரும். முன்னால் இடம் இருக்கிறது என்றாலும் வராது.

"முன்னால வர்றது எப்படியும் வந்துரும். போறத யாரு பாக்கறது" என்று சொல்லும்.

பாய் உப்பு லாரி டிரைவர். கோட்டக்குப்பத்துக்காரர். லோடு எடுக்க வந்து போன இடத்தில் பழக்கமாகி, உப்பளத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் தெருவில் அக்காவோடு தங்கிவிட்டார். தாலியும் இல்லை, நிக்காவும் இல்லை. அக்கா அவர் பேரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "எங்க பாய்" என்றுதான் சொல்லும். அவரும் அக்காவைக் கூப்பிடுவதென்றால் ஹாரன்தான் அடிப்பார்.

"ஒண்ணா ஏதாவது ஒரு மதத்துப் பக்கம் வந்துடுங்கன்னு அவங்க வூட்ல கேட்டாங்க. எங்க வூட்லயும் கேட்டாங்க. பாக்கலாம், பாக்கலாம்னு ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லியே இருந்துட்டம்" என்று ஒருதரம் சொன்னது.

அவர்கள் வீட்டுக்குள் ஒரே ஒரு தரம் போயிருக்கிறேன், அரிசி மூட்டை இறக்க. ஒரே அறை. தொழும் பக்கத்து மேற்குச் சுவர் வெறுமையாக இருந்தது. பரணில் தொழுகைப் பாய் சுருட்டி வைத்திருந்தது. பக்கத்துச் சுவரில் அம்மன் படம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னது:

"எதிர்ல மாட்டுனா அவரு தொழுவறதுக்கு ஆவாது. பின்னால மாட்டுனா ஆத்தாவுக்கு முதுகு காட்டற மாதிரி ஆயிடும். அதான் பக்கவாட்டுல மாட்டுனன். பாய் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. மறுநா பூ வாங்கியாந்து குடுத்தாரு."

நோன்பு மாசத்தில் அக்காவும் பகலில் சாப்பிடாது. நோன்பு என்று சொல்லாது. வயிறு சரியில்லை என்று சொல்லும். மாசம் முழுக்க வயிறு சரியில்லையா என்று கூட வேலை செய்யும் பெண்கள் சிரிப்பார்கள். ஆடியில் கோயில் கூழை பாய் ரெண்டு சொம்பு குடிப்பார். இப்படித்தான் ஓடியது.

ஒருநாள் எடை மேடையில் லாரியை நிறுத்திவிட்டு பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் தம்பி வந்து கோட்டக்குப்பத்துக்கு எடுத்துப் போனார். அக்காவையும் வரச் சொன்னார். நான்தான் ஏற்றிப் போனேன்.

அந்த வீட்டில் யாரும் அக்காவை ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. உள்ளே பெண்களோடு உட்கார வைத்தார்கள். ஜனாசாவைத் தூக்கியதும் ஆண்கள் போனார்கள். பெண்கள் வீட்டில் நின்றார்கள். அக்காவும் நின்றது. நான் வாசலில் இருந்ததால் உள்ளே பேசியது காதில் விழுந்தது.

பாயின் தம்பி மனைவி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "அழுவாதீங்கக்கா. மச்சான் தங்கமான மனுசன். அல்லா அவருக்கு சொர்க்கத்துல நல்ல எடம் குடுப்பான்" என்றார்.

"அப்ப நான்?" என்றது அக்கா.

டம்ளரை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"டீ ஆறுதுக்கா. குடிங்க" என்றார் அந்த அம்மா.

அன்றைக்கு ஆரம்பித்தது.

பாயின் நாற்பதாம் நாள் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை கலைந்த பிறகு பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போகச் சொன்னது. அஜ்ரத் வயசானவர். வாசல் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டது. அவர் பொறுமையாகச் சொன்னார். அல்லா ஒருவனே என்று மனசார நம்பி கலிமா சொன்னவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், நல்ல கணவனும் மனைவியும் அங்கே சேர்ந்திருப்பார்கள் என்றார்.

"நான் இப்ப சொன்னா சேத்துக்குவாங்களா?"

"எப்ப சொன்னாலும் சேத்துக்குவான்மா. ஆனா அல்லாவுக்காக சொல்லணும். மனுசனுக்காக சொன்னா அது சரியா வராது."

அக்கா தரையைப் பார்த்துச் சொன்னது:

"எனக்கு அல்லாவத் தெரியாதுங்க. பாயத்தான் தெரியும்."

அஜ்ரத் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "தெரிஞ்சுக்கலாம்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. வந்துட்டுப் போங்க" என்றார்.

"தெரியாமயே தெரிஞ்ச மாதிரி சொன்னா அங்க கண்டுபிடிச்சிருவாங்க இல்ல?"

"கண்டுபிடிச்சிருவான்" என்றார் அவர்.

வண்டியை விட்டு இறங்கும்போது அக்கா, "நல்ல மனுசன். பொய் சொல்லி அனுப்பி வெச்சிருக்கலாம். வெக்கல" என்றது.

பாயை அடக்கம் செய்த கபர்ஸ்தான் சுவரைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லும். நிறுத்தச் சொல்லாது. நான் இரண்டாவது கியரில் போவேன். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டுவான். அக்கா அவனைப் பார்த்துக் கை காட்டும், இரு என்று.

டீக்கடையில் அக்காவைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. லோடு ஏற்றும் ஒருவன் ஒருநாள் கேட்டான்:

"யக்கா, இன்னிக்கு எந்த சாமிக்கு இண்டர்வியூ?"

"உன் சாமிக்குத்தான். இவன உள்ள வுடறதா வேணாமான்னு கேட்டாங்க. குளிச்சிட்டு வரச் சொல்றன்னு சொல்லியிருக்கறன்."

கடை சிரித்தது. கடைக்காரர் நல்லவர். சமாதானமாகப் போகட்டும் என்று நினைத்து, "எல்லா சாமியும் ஒண்ணுதான்மா. நீ ஏன் போட்டு அலட்டிக்கிற" என்றார்.

அக்கா கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். கிளாஸைப் பலகையில் வைத்தது.

"ஒண்ணுன்னா ஏன் ரெண்டு சுடுகாடு?"

அவர் டீயை ஆற்றப் போனார்.

"எல்லாம் ஒண்ணுதான்னு சொல்றவன் எவனும் எங்கயும் போய்க் கேட்டதில்ல. நான் கேட்டுட்டு வர்றன். ஒண்ணா இல்ல."

சிவன் கோயில் குருக்கள் மறுபிறவி சொன்னார். கர்மம் என்றார். விட்ட குறை தொட்ட குறை என்றார். பந்தம் இருந்தால் அடுத்த பிறவியில் எங்கேயாவது சந்திக்க வேண்டி வரும், அடையாளம் தெரியாது, அவ்வளவுதான் என்றார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, வழி முழுக்க முணுமுணுத்தது.

"பாய் ஒரே பொறப்புதான்னு நம்புனவரு. அவரு போயி ஒரு எடத்துல உக்காந்துடுவாரு. நான் மட்டும் பொறந்து பொறந்து தேடிக்கிட்டுக் கெடக்கணுமா? இன்னும் எத்தினி தரம் உப்பு தூக்கறது?"

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது ஆரோவில் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டுத் தோட்டத்தில் களை எடுக்கப் போகும். அந்த அம்மா புத்தரைக் கும்பிடுகிறவர். தமிழ் பேசுவார். அவரையும் விடவில்லை. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுகிற மாதிரிதான் எல்லாம், போகிறவர் என்று தனியாக ஒருத்தர் கிடையாது, நான் என்பதே நாம் பிடித்துக்கொண்டிருப்பது, அதை விட்டால் துக்கம் இல்லை என்று அவர் சொன்னாராம்.

அந்தப் பதில் அக்காவுக்குப் பிடித்திருந்தது. சில நாள் முகமே தெளிந்திருந்தது. வண்டியில் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தீர்ந்தது என்று நான் நினைத்தேன். பிறகு ஒருநாள் கபர்ஸ்தான் சுவர் வரும்போது மெதுவாகப் போகச் சொன்னது.

"என்னக்கா, அந்தம்மா சொன்னது?" என்றேன். நானாக அக்காவிடம் கேட்ட கேள்வி அதுதான்.

"நல்லாத்தான் இருந்துச்சு. சும்மாக் கெடக்கும்போது நெனச்சுக்கிட்டா நோவே தெரியல. ஆனா அதுல பாய் இல்லியே."

சொல்லிவிட்டுப் பின்பக்கம் திரும்பிக்கொண்டது.

இங்கே என் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவி ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். பெரிய பிள்ளைக்கு ஜுரம் வந்து பிழைத்ததிலிருந்து போகிறாள். நான் அம்மன் கோயில்காரன். எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளை இறக்கிவிட்டு, எதிரில் வேப்பமர நிழலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே பாட்டு நடக்கும். முடிந்ததும் வந்து ஏறுவாள். வழியில் மீன் வாங்குவோம். அதில் குறை ஒன்றும் தெரிந்ததில்லை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டது. என் மனைவிக்கு சந்தோஷம். அக்கா ரட்சிக்கப்படப் போகிறது என்று நினைத்திருப்பாள். இறங்கும்போது அக்கா என்னைப் பார்த்தது.

"நீ வரலியா?"

"இல்லக்கா. நான் இங்கதான் இருப்பன்."

"இங்க வெளிய உக்காந்துக்குற. சரி. அங்கயும் வெளிய உக்காந்துக்குவியா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னது. என் மனைவி சிரிக்கவில்லை. அவள் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அன்றைக்குப் பிரசங்கம் முடிந்ததும் அக்கா எழுந்து நின்றதாம். பாஸ்டர் இளைஞர். பயப்படாமல் கேளுங்கள் என்றாராம். அக்கா கேட்டது. அவர் இயேசுவே வழி, அவரை ஏற்றுக்கொண்டால் உங்களுக்கு நித்திய ஜீவன் என்றாராம்.

"எனக்கு சரிங்க. பாய் போயிட்டாரு. அவரு இனிமே வந்து ஏத்துக்க முடியாது. அவரு எங்க இருக்காரு?"

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம். பிறகு, "வேதத்துல இருக்கறத நான் மாத்திச் சொல்ல முடியாதும்மா. ஆனா நியாயம் தீர்க்கறது தேவன் கையில. என் கையில இல்ல. அதுக்காக நான் அவருக்கு நன்றி சொல்றேன்" என்றாராம்.

இதையெல்லாம் அக்காதான் வண்டியில் சொன்னது. அன்றைக்கு மீன்காரி கூப்பிட்டும் என் மனைவி நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஞாயிறு மட்டும் இல்லாமல் புதன்கிழமையும் ஜெபத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

எனக்கும் வேப்பமர நிழலில் உட்கார முடியவில்லை. இறங்கி நடப்பேன். டயரை உதைத்துப் பார்ப்பேன். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பேன். உள்ளே என்ன பாடுகிறார்கள் என்று அதற்கு முன்னால் நான் காது கொடுத்தது இல்லை. கொடுக்க ஆரம்பித்தேன். பரலோகம் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் வண்டியில் ஏதாவது ஒன்றைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பேன்.

அக்காவிடம் சொன்னேன், "நீ போற எடமெல்லாம் கேட்டு எல்லாரையும் கெளப்பி வுட்டுட்டக்கா."

"நான் எங்க கெளப்புனன். தூங்கிக்கிட்டு இருந்தீங்க" என்றது.

கடைசியில் அக்கா ஒரு முடிவுக்கு வந்தது. கேட்டு வந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு அதுவே எடுத்த முடிவு. வண்டியில் வேறு ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தது.

"பொய் சொல்லாத, களவு பண்ணாத, பசின்னு வந்தவனுக்கு சோறு போடு. இதுல யாருக்கும் சண்டை இல்ல. செருப்ப வெளிய வுடறதுலயும் சண்டை இல்ல. செத்த பெறவு எங்கங்கறதுலதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. அது நம்ம கையில இல்ல, வுட்டுட்டன். நம்ம கையில இருக்கறது மண்ணுதான்."

நான் கண்ணாடியில் பார்த்தேன்.

"என்ன எரிக்கக் கூடாது. பாய் மண்ணுக்குள்ள இருக்காரு. நானும் மண்ணுக்குள்ளயே இருக்கறன். என் தம்பிகிட்ட சொல்லிட்டன், சரின்னுட்டான். இன்னொண்ணு அவன்கிட்ட சொன்னா ஒத்துக்க மாட்டான். உன்கிட்ட சொல்றன்."

"சொல்லுக்கா."

"எனக்கு உப்பு போடக் கூடாது."

எங்கள் பக்கம் புதைக்கும்போது குழியில் உப்புப் போடுவது உண்டு. உப்பளத்து ஆள் செத்தால் அது இன்னும் கொஞ்சம் பெரிய காரியம். ஒவ்வொருத்தரும் தான் வேலை பார்க்கிற பாத்தியிலிருந்து ஒரு கை உப்பு எடுத்து வருவார்கள். வாழ்நாளெல்லாம் தூக்கின உப்பு கூடப் போக வேண்டும் என்பார்கள். போடாமல் விட்டால் அவமரியாதை. விரோதிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டார்கள்.

"ஏன்க்கா?"

"பாய்க்குப் போடல. அவங்க போட மாட்டாங்களாம், கேட்டுட்டன். எனக்கும் வேணாம். வேற எதுதான் எங்களுக்கு ஒரே மாதிரி நடந்துச்சு? இது ஒண்ணாவது நடக்கட்டும்."

சரி என்றேன். அதற்குப் பிறகு அக்கா எந்த இடத்துக்கும் கேட்கப் போகவில்லை. ஆனால் அமைதியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சுவர் வரும்போது மெதுவாகப் போகச் சொல்வது நிற்கவில்லை.

அடைமழைக் காலத்தில் அக்கா போய்ச் சேர்ந்தது. காய்ச்சல்தான். பாத்தியெல்லாம் தண்ணீர் நின்றது. ஓலை போட்டு மூடி வைத்திருந்த குவியல்களிலிருந்து ஆளுக்கு ஒரு கை உப்பு எடுத்துக்கொண்டு சுடுகாட்டுக்கு வந்திருந்தார்கள். டீக்கடையில் கிண்டல் செய்த லோடுமேன் கூட நனையாமல் இருக்கத் துண்டில் முடிந்து கொண்டு வந்திருந்தான். என் கையிலும் ஒருத்தர் கொஞ்சம் கொட்டினார். வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல அப்போது வாய் வரவில்லை.

உடம்பைக் குழியில் இறக்கினார்கள். குழி வெட்டினவர், "உப்பு போடறவங்க வாங்க" என்றார். அக்காவின் தம்பி முதலில் கையை நீட்டினான்.

"உப்பு வேணாம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் பேசியதே அவர்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

"என்னா?" என்றான் தம்பி.

"அக்கா வேணாம்னு சொல்லிச்சு."

"ஏம்பா, உப்புல பொழச்ச ஒடம்பு இது. உப்பில்லாம அனுப்பச் சொல்றியா? நாய்க்குக் கூட யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்க. நீ யாரு அத சொல்ல?"

"நான் யாரும் இல்ல. அக்கா சொல்லிச்சு."

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேட்டன். பாய்க்குப் போடல."

மழை தூறிக்கொண்டிருந்தது. தம்பி குழியைப் பார்த்தான். பாய் இருந்தவரைக்கும் அவன் அக்கா வீட்டு வாசலை மிதிக்காதவன். கை நீட்டியபடியே இருந்தது. விரல் இடுக்கில் உப்பு கரைந்து ஒழுகியது. பிறகு இரண்டு அடி தள்ளிப் போய், குழிக்கு வெளியே தரையில் அந்த உப்பைக் கொட்டினான். ஒவ்வொருத்தராக அங்கேயே கொட்டினார்கள். லோடுமேன் முடிச்சை அவிழ்க்க முடியாமல் பல்லால் இழுத்தான். நானும் கொட்டினேன். சின்னக் குவியல் ஆனது. மண்ணைத் தள்ளி முடிப்பதற்குள் மழை அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக்கு வந்தேன். மனைவி கொல்லையில் வெந்நீர் வைத்திருந்தாள். துண்டை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீரை மொள்ளாமல் நின்றேன்.

"உன்ன ஒண்ணு கேக்கணும்" என்றேன்.

"கேக்காத" என்றாள்.

"என்னன்னு தெரியுமா உனக்கு?"

அவள் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினாள். புகைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தெரியும். அந்தக்கா வந்த அன்னிலேந்து அதத்தான் நான் அங்க போயி கேக்கறன். புதன்கெழமையும் அதுக்குத்தான் போறன். நீ வேற கேக்காத."

தண்ணீர் ரொம்பக் கொதித்துவிட்டது. அவளே பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினாள். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை.